நடுக்கோட்டில் ஒரு கடிகாரம்

1922 நவம்பர் 2ஆம் தேதி கித்தானோ மாரு என்ற ஜப்பானியக் கப்பல் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வந்தது. அதில் ஐன்ஸ்டீனும் அவர் மனைவி எல்சாவும் இருந்தார்கள். ஜப்பானில் சொற்பொழிவாற்றப் போகிற வழி அது. இங்கே அவரை வரவேற்றது யூத சமூகம். ஜெருசலேமில் ஹீப்ரு பல்கலைக்கழகம் கட்டப் பணம் தேவைப்பட்டது. அதற்குக் கொடுக்கக்கூடிய ஆள் என்று எல்லாரும் கைகாட்டியவர் மெனாசே மேயர். ஆக்ஸ்லி ரைஸில் இருந்த அவருடைய பெல்வியூ மாளிகையில் வரவேற்பு நடந்தது. சுருக்கமாகச் சொன்னால், உலகத்தின் மிகப் பிரபலமான விஞ்ஞானி சிங்கப்பூருக்கு வந்தது நன்கொடை வசூலுக்கு. ஒரு வாரம் கழித்து, அவர் இன்னும் ஜப்பான் போகிற வழியில் இருந்தபோது, நோபல் பரிசு அறிவிப்பு வந்தது. அதுவும் சார்பியலுக்கு இல்லை.

அந்தப் பயணத்தின் நாட்குறிப்பு 2018இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. ஆசிய மக்களைப் பற்றி அதில் உள்ள சில வரிகளைப் படிக்கவே கூசும். கொழும்பில் மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவில் ஏறியதற்கு அவர் வெட்கப்பட்டதும் அதே நாட்குறிப்பில்தான் இருக்கிறது. இதை வைத்து ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். எனக்கு அந்த வருகையில் சுவாரஸ்யமாகப் படுவது வேறு விஷயம். அன்று அவர் நின்ற இடம் நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகை வடக்கே. பதினேழு வருஷத்துக்கு முன் அவர் நடுக்கோட்டைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதியிருந்தார். அந்த வாக்கியம் தப்பு.

1905 கட்டுரையில் அது வருகிறது. நடுக்கோட்டில் வைத்த கடிகாரம், துருவத்தில் வைத்த அதே மாதிரிக் கடிகாரத்தைவிடக் கொஞ்சூண்டு மெதுவாக ஓட வேண்டும் என்றார். காரணம் எளிது. ஓடும் கடிகாரம் மெதுவாகும் என்பது சிறப்புச் சார்பியல். பூமி சுழலும்போது துருவத்தில் நிற்பவர் நின்ற இடத்திலேயே சுற்றுகிறார். நடுக்கோட்டில் நிற்பவரோ செக்கண்டுக்கு 465 மீட்டர் வேகத்தில் இழுத்துக்கொண்டு போகப்படுகிறார். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குச் சுமார் நூறு நானோ செக்கண்டு பின்தங்க வேண்டும்.

ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். அவர் ஊசல் கடிகாரம் என்று எழுதவில்லை, சுருள்வில் சக்கரம் வைத்த கடிகாரம் என்று எழுதினார். ஊசலுக்கு நடுக்கோட்டில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலர் பாரிஸில் திருத்தி வைத்த ஊசல் கடிகாரத்தைத் தென்னமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. லண்டனில் சரி செய்த ஊசலைச் சிங்கப்பூரில் அப்படியே மாட்டினால் நாளுக்கு ஏறத்தாழ இரண்டேகால் நிமிஷம் பின்தங்கும். இங்கே ஈர்ப்பு கொஞ்சம் குறைவு, அதனால் ஊசல் சோம்பலாக ஆடுகிறது. இது கருவியின் கோளாறு, காலத்துக்கு இதில் பங்கு இல்லை. கைக்கடிகாரம் கட்டியவருக்கு இந்த இரண்டேகால் நிமிஷம் கிடையாது. ஈர்ப்பு காலத்தைப் பாதிக்கிறது என்று யாராவது சொன்னால் பலரும் இதைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். நாழிகை வட்டில் காலத்திலிருந்தே ஈர்ப்பை வைத்துத்தானே காலத்தை அளந்தோம் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடியிருக்கிறார். உண்மைதான், நீர் கீழே சொட்டுவதற்கு ஈர்ப்பு வேண்டும். ஆனால் ஐன்ஸ்டீன் பிறகு கண்டுபிடித்தது அதைவிட விசித்திரமானது. கருவி எதுவாக இருந்தாலும், ஊசலோ அணுவோ இதயத் துடிப்போ, ஈர்ப்பின் ஆழத்தில் இருந்தால் எல்லாமே மெதுவாகும்.

அதை அவர் 1907இல் பிடித்தார். ஒரு மின்தூக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பே இல்லாத வெட்டவெளியில் வேகம் கூட்டிக்கொண்டே மேலே போகிறது. கூரையில் ஒரு விளக்கு செக்கண்டுக்கு ஒரு முறை மின்னுகிறது. தரை அந்த ஒளியை எதிர்கொண்டு வருகிறது, வேகம் கூடிக்கொண்டே வருகிறது. ஆகவே தரையில் இருப்பவருக்கு மின்னல்கள் செக்கண்டுக்கு ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகமாக வந்து சேரும். கூரைக் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்பார் அவர். மூடிய மின்தூக்கிக்குள் இருப்பவருக்கு வேகம் கூடுவதும் ஈர்ப்பும் ஒன்றுபோலவே தெரியும் என்றால், ஈர்ப்பிலும் இதுவே நடக்க வேண்டும். மேலே காலம் வேகம், கீழே மெதுவு.

இப்போது 1905 வாக்கியத்துக்குத் திரும்பலாம். பூமி சரியான உருண்டை இல்லை. சுழற்சியால் இடுப்பு பெருத்தது. கடல்மட்டத்தில் நிற்கும் சிங்கப்பூர்க்காரர், துருவத்தில் நிற்பவரைவிடப் பூமியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். ரிஷேயின் ஊசலை மெதுவாக்கியதில் இந்தப் பெருத்த இடுப்புக்கும் பங்கு உண்டு. மையத்திலிருந்து தள்ளி இருப்பதால் நம் கடிகாரம் வேகமாக ஓட வேண்டும். எவ்வளவு? நாளுக்குச் சுமார் நூறு நானோ செக்கண்டு. சுழற்சியால் இழந்ததும் உயரத்தால் பெற்றதும் பைசா சுத்தமாகக் கழிந்துவிடுகின்றன. இது தற்செயல் இல்லை. சுழலும் பூமியில் கடல் நீர் எங்கே போய் அமைதியாக நிற்கிறதோ, அங்கே இந்த இரண்டும் சமன்பட்டிருக்கும். கடல்மட்டம் என்பது ஒருவகையில் ஒரே காலம் ஓடும் பரப்பு. 1905இல் அவர் கையில் ஈர்ப்புக் கொள்கை இல்லை, அதனால் தெரிந்திருக்க வழியில்லை. 1922இல் இங்கே நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது அந்த வாக்கியம் நினைவுக்கு வந்ததா என்று கேட்டுப்பார்க்க ஆசை.

*

அவர் வந்த அதே வருஷம் செப்டம்பர் 21ஆம் தேதி முழுச் சூரிய கிரகணம். சூரியனுக்குப் பக்கத்தில் வரும் நட்சத்திர ஒளி வளைகிறதா என்று பார்க்க ஆட்கள் உலகம் சுற்றினார்கள். கிரகணப் பாதையில் கிறிஸ்துமஸ் தீவு இருந்தது. இப்போது அது ஆஸ்திரேலியாவுக்கு. அன்று நீரிணைக் குடியேற்றங்களில் சேர்ந்தது, நிர்வாகம் சிங்கப்பூரிலிருந்து. கிரீனிச்சிலிருந்து ஸ்பென்சர் ஜோன்ஸும் மெலாட்டும் அங்கே மாதக்கணக்காகத் தங்கிக் கருவிகளைப் பொருத்தினார்கள். கிரகண நேரத்தில் மேகம் மூடிவிட்டது. அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரையில் வானம் தெளிவாக இருந்தது. அங்கே அமெரிக்கர்கள் நல்ல படங்கள் எடுத்தார்கள். அதே கடற்கரையில் இந்தியாவிலிருந்து போன குழு ஒன்றும் இருந்தது. அதன் தலைவர் ஜான் எவர்ஷெட், கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர். அவருக்குக் கருவி காலை வாரியது. பயன்படும் படம் எதுவும் கிடைக்கவில்லை.

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுகிறார்கள், குணா குகையைப் பார்க்கிறார்கள். மலையுச்சியில் 1899லிருந்து இயங்கும் வானாய்வகத்துக்குப் போகிறவர்கள் குறைவு. 1907இல் எவர்ஷெட் அங்கே வந்தார். மனைவி மேரியும் வானியலர். இரண்டு வருஷத்தில், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கம் பாய்கிறது என்று கண்டார். அதற்கு இன்றும் எவர்ஷெட் விளைவு என்று பெயர். இந்தப் பெயர் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. நான் சொல்ல வந்த வேலை அவ்வளவாக இல்லை.

1911இல் ஐன்ஸ்டீன் ஒரு கணிப்பைச் சொன்னார். சூரியனின் பரப்பில் ஈர்ப்பு மிக அதிகம், எனவே அங்கே காலம் மெதுவாக ஓட வேண்டும். சூரியனில் போய்க் கடிகாரம் வைக்க முடியாது. ஆனால் அங்கே அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு அணுவும் தனக்கே உரிய அதிர்வெண்ணில் ஒளியை உறிஞ்சுகிறது, நிறமாலையில் கறுப்புக் கோடு விழுகிறது. அந்த அதிர்வுதான் கடிகாரத்தின் டிக். சூரியனில் காலம் மெதுவு என்றால், அங்குள்ள இரும்பின் கோடு, ஆய்வகத்தில் எரியும் இரும்பின் கோட்டைவிடச் சிவப்புப் பக்கம் விலகியிருக்க வேண்டும். எவ்வளவு விலகல்? பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. கடிகார மொழியில் சொன்னால், சூரியப் பரப்பில் ஒரு வருஷத்தில் நம்மைவிட ஒரு நிமிஷமும் ஏழு செக்கண்டும் குறைவாக ஓடும்.

இந்த மாதிரி விலகலை அளக்க உலகத்தில் அன்று சில இடங்களே இருந்தன. பழனி மலையில் இருந்தது அதில் ஒன்று. எவர்ஷெட்டும் தாமஸ் ராய்ட்ஸும் இந்திய உதவியாளர்களும் வருஷக்கணக்காகத் தட்டுகளை எடுத்து, நுண்நோக்கியில் வைத்து, ஒவ்வொரு கோடாக அளந்தார்கள். கோடுகள் சிவப்புப் பக்கம் விலகித்தான் இருந்தன. ஆனால் அளவு ஒத்துவரவில்லை. சூரிய வட்டத்தின் நடுவில் குறைவாக, ஓரத்தில் அதிகமாக. ஐன்ஸ்டீன் சொன்னபடி என்றால் எல்லா இடத்திலும் ஒரே அளவு இருக்க வேண்டும். எவர்ஷெட் ஐன்ஸ்டீனை நம்பவில்லை. வாயுக்களின் ஓட்டம் காரணமாக இருக்கலாம் என்று தேடினார். வெள்ளிக் கோளில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைப் பிடித்து, நமக்குத் தெரியாத பக்கத்தின் கோடுகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்தார். பூமிக்கே இதில் ஏதோ பங்கு இருக்கிறது என்றுகூடச் சில காலம் எழுதினார். அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் இதே வேலையைச் செய்த செயின்ட் ஜான் 1917இல் அப்படி ஒரு விளைவே இல்லை என்றார். 1923 வாக்கில் இருவருமே, ஐன்ஸ்டீன் சொன்ன அளவு அதற்குள் இருக்கத்தான் செய்கிறது, அதன் மேல் வாயுக்களின் ஏற்ற இறக்கமும் கலந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த வருஷமே எவர்ஷெட் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார்.

பத்து வருஷம் ஒருவர் தான் நம்பாத ஒன்றை அளக்கிறார். அளந்து அளந்து, கடைசியில் நம்புகிறார். இந்தக் கதை எனக்கு ஐன்ஸ்டீன் கதையைவிடப் பிடிக்கும். சந்திரசேகரை நமக்குத் தெரியும், ராமனைத் தெரியும். சூரியனில் காலம் மெதுவாக ஓடுவதை அளந்த இடங்களில் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

எவர்ஷெட் தமிழர் இல்லை. காலனி அரசின் சம்பளத்தில் இருந்த ஆங்கிலேயர். உதவியாளர்கள் அளந்தார்கள், பெயர் பெரும்பாலும் வெள்ளைக்காரருக்குப் போனது. அதையும் சேர்த்துத்தான் இது நம்முடைய வரலாறு என்கிறேன். இப்படிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

*

என் பெரியம்மா தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு வீவக வீட்டில் பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறார். இந்த விஷயத்தைப் படித்த புதிதில் அவரிடம் உளறிக்கொண்டிருந்தேன். "இதென்ன பெரிய விஷயம், ரேவதி கதை தெரியாதா ஒனக்கு?" என்றார். தெரியாது என்றேன். சொன்னார். ககுத்மி ராஜாவுக்கு ரேவதி என்று ஒரு மகள். எந்த மாப்பிள்ளையும் பிடிக்கவில்லை. பிரம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று மகளைக் கூட்டிக்கொண்டு பிரம்மலோகம் போகிறார். அங்கே கந்தர்வர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டு முடியட்டும் என்று காத்திருந்து, பிறகு மாப்பிள்ளைப் பட்டியலை நீட்டுகிறார். பிரம்மா சிரிக்கிறார். நீ பாட்டுக் கேட்ட நேரத்தில் கீழே 27 சதுர்யுகம் போய்விட்டது, இவர்கள் யாரும் இல்லை, இவர்கள் பேரப்பிள்ளைகளும் இல்லை என்கிறார். கடைசியில் ரேவதியைப் பலராமனுக்குக் கொடுக்கிறார்கள். "பாட்டு நல்லா இருந்தா அப்படித்தான் நேரம் போவும்" என்று பெரியம்மா முடித்தார்.

பாகவதத்தில் இருக்கும் அற்புதமான கதை. பெரியம்மா அதைக் கதையாகச் சொன்னார். ஒரு வாரம் கழித்து அவர் மகன், என் அண்ணன், அதையே ஒரு காணொளியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பின்னணியில் பிரபஞ்சம் சுழல, 'ஐன்ஸ்டீனுக்கு முன்பே நம் முன்னோர்' என்று தலைப்பு. நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

எனக்கு அண்ணனோடு சண்டை போட விருப்பமில்லை, ஆனால் ஒன்று சொன்னேன். "அண்ணே, திசை தப்பு." ஈர்ப்பின்படி மேலே போனால் காலம் வேகமாக ஓடும். ககுத்மி மேலே போய்க் காத்திருந்தால், திரும்பி வரும்போது அவருக்குத்தான் கூடுதல் வயதாகியிருக்கும். கதைப்படி நடக்க வேண்டுமென்றால் பிரம்மலோகம் ஒரு கருந்துளை ஓரத்தில் இருக்க வேண்டும். "அப்ப அங்கதான் இருக்கு" என்றார் அண்ணன், விடாமல்.

சிரித்துவிட்டு விட்டிருக்கலாம், ஆனால் இதில் ஒரு இழப்பு இருக்கிறது. இரண்டு இடங்களில் காலம் வேறு வேறாக ஓடும் என்று கற்பனை செய்தது பெரிய விஷயம், ஐயமில்லை. ஆனால் அந்தக் கதை எவ்வளவு வேறுபாடு என்பதைத் தப்பாகச் சொன்னாலும் கதை கெடாது. எவர்ஷெட்டின் கோடு பத்து லட்சத்தில் இரண்டுக்குப் பதில் மூன்று விலகியிருந்தால் ஐன்ஸ்டீன் கெட்டிருப்பார். தோற்கத் தயாராக நின்ற கூற்று அது. 'அப்போதே சொல்லிவிட்டார்கள்' என்று பெருமைப்படும்போது, நம் மண்ணில் உண்மையாகவே நடந்த அளவெடுப்பு கண்ணில் படாமல் போகிறது. கொடைக்கானலின் தட்டுகள் நூறு வருஷத்துக்கு மேல் சேர்ந்து இன்னும் அங்கே இருக்கின்றன, பெரும்பகுதி மின்வடிவமாகிவிட்டது. அதைப் பற்றி எனக்கு ஒரு வாட்ஸ்அப்பும் வந்ததில்லை.

*

பெரியம்மா வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. சிராங்கூன் ரோட்டில் வாங்கியது, சென்னையில் அச்சானது. திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரையிலிருந்து ஒன்பது. இது சூரியன் ஆறு மணிக்கு உதிக்கும் ஊருக்கான கணக்கு. சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணி சுமாருக்குத்தான் வருகிறது. முறைப்படி பார்த்தால் இங்கே எட்டரையிலிருந்து பத்து. இங்கேயே கணித்த பஞ்சாங்கமும் உண்டு, பெரியம்மா பார்ப்பதில்லை. சூரியன் உச்சிக்கு வருவதும் மதியம் ஒரு மணி சுமாருக்குத்தான்.

இதற்கு ஈர்ப்பு காரணமில்லை, அரசாணை காரணம். கடிகாரம் ஊருக்கு ஊர் மாறும் என்ற விஷயம் சிங்கப்பூருக்கு ஐன்ஸ்டீன் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஊரின் இயல்பான நேரம் கிரீனிச்சைவிட 6 மணி 55 நிமிஷம் 25 செக்கண்டு முன்னால். ஃபோர்ட் கேனிங் குன்றில் மதியம் ஒரு மணிக்குக் கம்பத்திலிருந்து ஒரு பந்து விழும். கப்பல்காரர்கள் அதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். 1905 ஜூன் 1ஆம் தேதி இதை முழு 7 மணியாக ஆக்கினார்கள். அதே ஜூன் கடைசியில்தான் நடுக்கோட்டுக் கடிகார வாக்கியத்தோடு ஐன்ஸ்டீனின் கட்டுரை இதழுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு 1933இல் மாலை வெளிச்சத்துக்காக 20 நிமிஷம் முன்னே. 1941 செப்டம்பரில் இன்னும் 10 நிமிஷம். 1942 பிப்ரவரி 16, சரணடைந்த மறுநாள், ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்தார்கள். ஒரே நாளில் ஒன்றரை மணி நேரம். விடிவது எட்டேகாலுக்கு. 1945 செப்டம்பரில் திரும்பப் பழையபடி. 1982 புத்தாண்டில், தீபகற்பமும் சபா சரவாக்கும் ஒரே நேரத்துக்கு வரவேண்டும் என்று மலேசியா அரை மணி முன்னே வைத்தது, சிங்கப்பூரும் சேர்ந்து வைத்தது. ஆறு மாற்றங்கள்.

பெரியம்மாவின் காலண்டர் 1922இல் சிங்கப்பூருக்கு ஏறத்தாழச் சரியாகப் பொருந்தியிருக்கும். ஐன்ஸ்டீன் இறங்கிய அன்று இங்கே சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்னால் உதித்தது. அன்றைக்கு வந்திருந்தால் ராகுகாலம் பார்த்தே வசூலுக்குப் போயிருக்கலாம்.

ஆணையால் நகரும் காலம் எல்லாரையும் ஒரே அளவு நகர்த்தும், மறுபடி ஆணையிட்டால் திரும்பி வரும். உயரத்தால் நகரும் காலம் திரும்பி வராது. பெரியம்மாவின் பன்னிரண்டாம் மாடி தரையிலிருந்து 30 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கீழே கோப்பிக் கடையில் இருப்பவரைவிட அவருக்கு வருஷத்துக்கு ஒரு செக்கண்டில் கோடியில் ஒரு பங்கு கூடுதலாக ஓடுகிறது. தஞ்சோங் பகாரில் 290 மீட்டர் உயரமுள்ள குவோக்கோ டவரின் உச்சியில் என்றால் வருஷத்துக்கு ஒரு மைக்ரோ செக்கண்டு. கொடைக்கானல் வானாய்வகம் கடல்மட்டத்திலிருந்து 2,343 மீட்டர், அங்கே 8 மைக்ரோ செக்கண்டு. சூரியனின் காலத்தை அளந்தவர்கள், சிங்கப்பூர்க் கரையில் இருந்தவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரமாகவே மூப்படைந்துகொண்டிருந்தார்கள்.

சூரியனை விட்டுவிட்டுப் பூமியிலேயே இதை முதலில் அளந்தது பவுண்டும் ரெப்காவும். 1960இல் ஹார்வர்டில் வெறும் 22.5 மீட்டர் கோபுரத்தில். வீவக கணக்கில் எட்டு மாடி. அதற்குப் பின் செயற்கைக்கோள்கள் வந்தன. உயரத்தாலும் வேகத்தாலும் அவற்றின் கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோ செக்கண்டு முன்னே ஓடுகிறது. அதைக் கழிக்காவிட்டால் நம் கைப்பேசி வரைபடம் ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் பிசகும். சிங்கப்பூரில் அது கடலில் போய் நிற்கும்.

2020இல் ஒரு ஜப்பானியக் குழு தோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில் 450 மீட்டர் உயரத்தில் ஒரு ஸ்ட்ரான்ஷியக் கடிகாரத்தையும் கீழே ஒன்றையும் வைத்து ஒப்பிட்டதை வெளியிட்டது. நாளுக்கு 4 நானோ செக்கண்டுக்குச் சற்று மேல் வேறுபாடு. ஒரு காலத்தில் நம் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்த ஊர் அது. 2022இல் அமெரிக்காவில் ஒரு மில்லிமீட்டர் உயர வேறுபாட்டிலேயே காலம் மாறுவதைப் பார்த்துவிட்டார்கள்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுகிறார்கள். உயரம் தெரிந்தால் காலத்தைத் திருத்தலாம் என்பது போய், காலத்தை ஒப்பிட்டு உயரத்தை அறிவது. இரண்டு ஊர்களில் இரண்டு கடிகாரம், நடுவே ஒரு ஒளியிழை, எது எவ்வளவு உயரம் என்று சென்டிமீட்டர் கணக்கில் சொல்லிவிடலாம். சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்குக் கீழே இருக்கிறது. கடல் ஏறுகிறதா, நிலம் இறங்குகிறதா, எவ்வளவு என்பது இங்கே வெறும் அறிவியல் ஆர்வம் இல்லை. இந்த நாட்டின் நேரத்தை இன்று தேசிய அளவியல் மையம் சீசியம் அணுக்கடிகாரங்களை வைத்துக் காக்கிறது, உலகப் பொது நேரத்துக்கும் தன் கணக்கை அனுப்புகிறது. ஒரு சென்டிமீட்டரைப் பார்க்க அதைவிடக் கூர்மையான கடிகாரம் வேண்டும், பத்தின் பதினெட்டாம் அடுக்கில் ஒரு பங்கைப் பிரித்தறிவது. அப்படிப்பட்டவை உலகத்தில் சில ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.